திறப்பு யார் கையில்?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள சனசமூக நிலையங்கள், விளையாட்டுக் கழகங்கள், மாதர் சங்கங்கள், மீனவர் சங்கங்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை நிர்வாக சபைகள் ஆகியவற்றின் அங்கத்தவர்கள் எல்லோருக்கும்,



ஒரு மாரிகாலத்துப் பின்னேரத்திலிருந்து இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். பள்ளிக்கூட மைதானத்தில் கணுக்கால் வரை வெள்ளம் நின்றது. வலைப்பந்தாட்டப் போட்டிக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. அணிப் பிள்ளைகள் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த பொதுமண்டபத்துக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு உதவியில் எழுந்த கட்டடம் அது. சுவரில் பளிங்குக் கல், கல்லில் பெயர்கள், கதவில் பூட்டு. திறப்பு யாரிடம் என்று கேட்டேன். முன்வீட்டுக்காரர், சங்கத் தலைவரிடம் என்றார். தலைவர், பொருளாளரிடம் என்றார். பொருளாளர் ஊரைவிட்டுப் போய் ஒரு வருடமாகியிருந்தது. மின்சாரப் பட்டியல் கட்டாததால் கரண்டையும் வெட்டிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் விறாந்தைப் படியில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அந்த மண்டபத்தின் திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். மேளம், மாலை, பேச்சு எல்லாம் இருந்தன. விழா நடந்தது, திறப்பு எங்கள் கைக்கு வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் உடற்கல்வி படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகும் அந்த விறாந்தைப் படி என் மனத்தை விட்டுப் போகவில்லை.

அந்தக் கதவு ஏன் பூட்டிக் கிடந்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அதில் எங்கள் காசு ஒரு சதமும் இல்லை. எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது, பிறகு யார் கூட்டித் துடைப்பது, யார் பட்டியல் கட்டுவது என்று எங்களிடம் எவரும் கேட்கவில்லை. நாங்களும் ஒருநாளும் கணக்குக் கேட்கவில்லை. இனாமாக வந்த வீட்டுக்குக் காவல்காரர் இல்லாமல் போனார்.

அதனால்தான் உங்களிடம் ஒன்றைக் கேட்க வந்திருக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு வேண்டிய விளையாட்டு, பொழுதுபோக்கு நிலையங்களை இனி நாமே கடன்பட்டுக் கட்டுவோம். நம் உள்ளூராட்சி மன்றங்கள் ஊர்மக்களிடம் முறி என்ற கடன்பத்திரம் விற்றுக் கடன் திரட்டட்டும். அந்தக் கடனை நம் வரியால் நாமே அடைப்போம். காசு போட்டவர் கணக்குக் கேட்பார். கணக்குக் கேட்கிற ஊரின் கையில்தான் திறப்பு இருக்கும்.

எங்களுக்கு என்ன இல்லை என்று நீங்கள் கேட்கலாம். உலகம் பேசும் இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. கோணமலை இருக்கிறது. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. அவற்றில் எது யாருக்கு என்று 2022 சனவரியில் ஒப்பந்தம் எழுதிப் பிரித்தார்கள். 1942 ஏப்ரலில் யப்பானியக் குண்டுகள் விழுந்ததும் இந்தத் துறைமுகத்துக்காகத்தான். பெரியவர்களின் கணக்கில் திருகோணமலை எப்போதும் பெறுமதியான இடம். ஆனால் பள்ளத்தோட்டத்திலோ திருக்கடலூரிலோ ஜமாலியாவிலோ பாலையூற்றிலோ இருக்கிற பதினாறு வயதுப் பிள்ளை பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கே போகும் என்ற கணக்கை யாரும் எழுதவில்லை.

நகரத்தில் மக்கெய்சர் விளையாட்டரங்கு இருக்கிறது, ஏகாம்பரம் மைதானம் இருக்கிறது. பெரிய போட்டிகளுக்கு அவை வேண்டும். நான் சொல்வது வேறு: வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், கூரையுள்ள ஒரு ஆடுகளம், ஒரு வாசிகசாலை, கிழவர்கள் கரம் விளையாட ஒரு அறை, பெண் பிள்ளைகள் தயங்காமல் நுழைய ஒரு வாசல், சுத்தமான கழிப்பறை. கார்த்திகை, மார்கழியில் மைதானம் குளமாகிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் தலையைப் பிளக்கும். கூரை இல்லாத இடம் இந்த ஊரில் வருடத்தில் பாதி நாள்தான் இடம்.

மீதி நேரத்துக்குக் கடற்கரை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. டச்சுக்குடாப் பக்கம் பின்னேரத்தில் கச்சான் கொட்டைக்காரரும் பட்டம் விடும் பிள்ளைகளும் கோட்டையிலிருந்து இறங்கி வரும் மான்களும் சேரும்போது அதைவிட அழகான இடம் இல்லை. ஆனால் 2006 சனவரி 2ஆம் திகதி, அந்தக் கடற்கரையில் காந்தி சிலையடியில் கதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கில் சந்தேகநபர்களாக இருந்த பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரும் 2019 யூலையில் விடுவிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை தாய்மார் "இருட்ட முதல் வந்திடு" என்று சொல்லிப் பிள்ளையை அனுப்பினார்கள், எத்தனை பேர் அனுப்பாமலே விட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் ஒரு தாய். பிள்ளைகள் கூடியிருக்கும் இடம் பாதுகாப்பான இடமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லும்போது, வெறும் விளையாட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

இன்று வேறொரு பயமும் சேர்ந்திருக்கிறது. ஐஸ் என்ற போதைப்பொருளின் பெயரைக் கேட்டு நடுங்காத வீடு இல்லை. பின்னேரத்தில் போக இடமில்லாத பையனுக்கு இடம் காட்ட ஆட்கள் காத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைக்கோ அந்த இடமும் இல்லை. பள்ளிக்கூட அணியில் ஓடித் திரிந்த எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் சாதாரணதரம் முடிந்த அடுத்த நாள் பந்தைக் கீழே வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆசை போகவில்லை. விளையாடப் போக ஒரு கூரை இல்லை, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் காசு இதுவரை எப்படி வந்தது? பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, அமைச்சின் திட்டம், தொண்டு நிறுவனத்தின் மூன்று வருடத் திட்டம், புலம்பெயர்ந்த நண்பரின் அன்பளிப்பு. கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றி. ஆனால் கொடுப்பவரின் காலம் முடிந்தால் திட்டமும் முடிந்துவிடும். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசு இல்லை என்று தள்ளிப்போனது. அதே மாதத்தில் மன்றங்களின் காலம் முடிந்தது. 2025 மே மாதம் வாக்களிக்கும் வரை, இரண்டு வருடத்துக்கு மேலாக நம் வட்டாரங்களுக்கு ஒரு உறுப்பினரும் இருக்கவில்லை. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரிலிருந்து உறுப்பினர் இல்லாமலே இருக்கிறது. மேலேயிருந்து வரும் காசை நம்பிய ஊர் மேலே பார்த்தபடியே இருக்க வேண்டியதாகிறது.

நம் முன்னோர் அப்படி இருக்கவில்லை. கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலைப் புரட்டிப் பாருங்கள். குளக்கோட்டு மன்னனின் பெயரால் அது சொல்வதெல்லாம் கோயில் எழுப்பிய பெருமை மட்டும் இல்லை. எந்தத் தொழும்பை யார் செய்வது, எந்த வயலின் வருவாய் எந்தக் காரியத்துக்குப் போவது என்ற ஒழுங்குதான் அதன் உயிர். கட்டியவர் போன பிறகும் விளக்கு எரிய வேண்டும், எண்ணெய்க்கு வருவாய் வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். இன்றும் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின், ஒரு தொழில் கூட்டத்தின் உபயமாக நடக்கவில்லையா? நம் கிராமத்துச் சனசமூக நிலையங்களில் எத்தனை, ஊரவர் சந்தாக் கட்டியும் சிரமதானத்தில் மண் சுமந்தும் எழுப்பியவை?

யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை நினைத்துப் பாருங்கள். 1953இல் அடிக்கல் நட்டு 1959இல் திறந்த அந்த மாளிகைக்கான காசில் ஒரு பங்கு கார்னிவலும் அதிர்ஷ்டலாபச் சீட்டும் நடத்தி மக்களிடம் திரட்டியது. 1981இல் அது எரிந்தபோது ஒரு நகரமே தன் வீடு எரிந்ததைப் போல அழுததற்குப் புத்தகங்கள் ஒரு காரணம். அந்தக் கட்டடத்தில் தங்கள் கை இருந்தது இன்னொரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இனி முறியைப் பற்றி. சீட்டுப் பிடிக்காத பெண் நம் தெருக்களில் இல்லை. இருபது பேர் மாதம் 5,000 ரூபா போட்டால், மாதம் ஒருவருக்கு ஒரு இலட்சம் கிடைக்கும். அதில் ஒருத்தி கூரை மாற்றுவாள், இன்னொருத்தி மகளின் படிப்புக்குக் கட்டுவாள். பெரிய செலவை ஒரே நாளில் செய்துவிட்டு, சிறிய காசாகப் பல மாதம் கட்டுவதுதான் சீட்டின் சூட்சுமம். ஊர்முறியும் அதே குணமுள்ளதுதான். மன்றம் 5,000 ரூபாப் பெறுமதியான முறிகளை விற்கும். வாங்குபவருக்கு வருடாவருடம் வட்டியும், முதலின் ஒரு பகுதியும் கிடைக்கும். திரண்ட காசில் நிலையம் எழும். அந்தக் கடனை அடைப்பதற்கென்று ஆதனவரியில் ஒரு சிறு பங்கும் மண்டப வாடகையும் ஒதுக்கப்படும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று கோடி ரூபாக் கடன், பத்து வருடத் தவணை, நூற்றுக்குப் பத்து வட்டி, பொறுப்பேற்க 10,000 வீடுகள் என்று வையுங்கள். ஒரு வீட்டின் பங்கு 3,000 ரூபா. முதல் வருடத்தில் முதலுக்கு 300, வட்டிக்கு 300, ஆக 600 ரூபா, மாதத்துக்கு 50. கடன் குறையக் குறைய வட்டியும் குறைந்து, கடைசி வருடத்தில் ஒரு வீடு கட்ட வேண்டியது 330 ரூபா. மாதம் ஒரு பிளேன்ரீயைத் தியாகம் செய்தால் பிள்ளைக்கு ஒரு கூரை கிடைக்கும்.

வெளியுலகில் இது பழைய வழக்கம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சொத்துவரியால் அடைக்கும் பொதுக்கடனை ஒரு நகரம் எடுக்க வேண்டுமானால், வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். பூங்காவுக்கும் நூலகத்துக்கும் விளையாட்டு நிலையத்துக்கும் அங்கே மக்கள் அப்படி வாக்களித்தே கடன்படுகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையை ஒட்டிய ஆலந்தூரில், 1990களின் கடைசியில், பாதாளச் சாக்கடைக்கு நகராட்சி வீடு வீடாகப் போய்ப் பேசியது. குழாய் தோண்டி முடிக்கும் முன்பே வீட்டுக்கு 5,000 இந்திய ரூபா வைப்புக் கட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முன்வந்தன. சாக்கடைக்கே மக்கள் நம்பிக் காசு கட்டினார்கள் என்றால், பிள்ளைகளின் ஆடுகளத்துக்குக் கட்டமாட்டார்களா?

எனக்கு இன்னும் பிடித்த உதாரணம் 2002இல் நடந்தது. சிறிய ஊர்களை நம்பி யார் கடன் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு, தமிழ்நாட்டின் 13 சிறிய நகரங்கள் ஒன்றுசேர்ந்து பதில் சொன்னன. நீருக்கும் துப்புரவுக்குமான கூட்டு நிதியம் ஒன்றின் வழியாக, ஏறக்குறைய 30 கோடி இந்திய ரூபாவுக்கு ஒரே கடன்பத்திரம் வெளியிட்டன. தனியே போயிருந்தால் எந்த ஊரும் கடன் கொடுப்பவர்களின் வாசலில் நின்றிருக்க முடியாது.

கொட்டியாரக் குடாவைச் சுற்றி நாம் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று பாருங்கள். நகரம், பட்டினமும் சூழலும், சீனக்குடா, கிண்ணியா, மூதூர், அதற்கப்பால் சம்பூர். ஒரே தண்ணீர்தான் எல்லோர் கரையையும் தொடுகிறது. மூன்று சமூகமும் வாழும், எவரும் அரைப் பங்குக்கு மேல் இல்லாத மாவட்டம் இது. தனித்தனியே கட்டினால் ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது மறுபக்கத்துக்கு வயிற்றெரிச்சலாகும். அதனால் இந்தக் குடாவைச் சுற்றிய மன்றங்கள் சேர்ந்து ஒரே கடன் எடுக்கட்டும். ஒரே நாளில் எல்லாக் கரையிலும் அடிக்கல் வைக்கட்டும். கிண்ணியா அணி பாலையூற்றில் வந்து ஆடும். மூதூர்ப் பிள்ளைகள் நகரத்து ஆடுகளத்தில் ஆடுவார்கள். சேர்ந்து கடன்பட்டவர்கள் சேர்ந்துதான் காவல் காக்க வேண்டும்.

உங்கள் மனத்திலிருக்கும் கேள்விகள் எனக்குத் தெரியும். பிணைமுறி என்றதும் 2015இல் மத்திய வங்கியின் முறி விற்பனையில் நடந்த மோசடி ஞாபகம் வரும். கடன் என்றதும் 2022இன் எரிபொருள் வரிசையும், பால்மாவுக்கு அலைந்ததும் கண்முன் நிற்கும். அந்த வரிசையில் நானும் நின்றேன். ஆனால் அந்தக் கடன்களை எடுத்தபோது உங்களையும் என்னையும் எவரும் கேட்கவில்லை. எதற்கு எடுத்தார்கள், எவ்வளவு வட்டி, எப்போது அடைப்பார்கள் என்று நாம் அறிந்தது நாடு கையை விரித்த பிறகுதான். நான் கேட்பது, கேட்டு எடுக்கும் கடன். கண்முன்னே செலவாகும் கடன். ரூபாவில் எடுத்து ரூபாவில் அடைக்கும் கடன்.

ஆகவே நிபந்தனைகளை நாம்தான் வைக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் பெரும்பான்மையோர் கை உயர்த்தாமல் ஒரு சதமும் கடன்படக் கூடாது. முறிக் காசு தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும்; வேறு எந்தச் செலவுக்கும் அதைத் தொடக் கூடாது. மாதாமாதம் வரவும் செலவும் நிலையத்தின் வெளிச்சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது; ஆனாலும் மனுப் போட்டுப் பெறும் கணக்கைவிட, தெருவில் போகும்போது வாசிக்கும் கணக்கு மேல். அஸ்வெசும உதவி பெறும் குடும்பங்களிடம் இந்தக் கடனுக்கான பங்கை வாங்கக் கூடாது.

அடுத்த நிபந்தனை எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். கட்டட மதிப்பீட்டோடு பராமரிப்பு மதிப்பீடும் எழுதப்பட வேண்டும். காவலாளியின் சம்பளம், மின்சாரம், தண்ணீர், வருடாந்தப் பூச்சு ஆகியவற்றுக்கு வருவாய் எங்கிருந்து வரும் என்று காட்டாத திட்டத்துக்குக் கை உயர்த்தாதீர்கள். கூடவே, கிழமையில் குறித்த நாட்களும் நேரங்களும் பெண் பிள்ளைகளுக்கு என்று விதியில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்த நேரம் தானாக வராது, அனுபவத்தில் சொல்கிறேன்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். உள்ளூராட்சி மன்றங்களுக்கு அனுமதி பெற்றுக் கடன் எடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் உருவான உள்ளூர்க் கடன்கள், அபிவிருத்தி நிதியம் அதற்காகவே இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கடன் கொடுக்கும் வாசல் அது. பொதுமக்களிடம் நேரே முறி விற்பதற்கு மாகாணத்திலும் கொழும்பிலும் அனுமதி பெற வேண்டியிருக்கும். அந்த அனுமதிக்காக நடப்பது உறுப்பினர்களின் வேலை. அவர்களை நடக்கவைப்பது நம் வேலை. அனுமதி தாமதித்தால் முதல் நிலையத்தை அந்த நிதியத்தின் கடனிலேயே தொடங்கலாம். நிபந்தனைகள் மட்டும் மாறக் கூடாது.

துறைமுகக் கரையில் ஆலையும் குதமும் வைத்திருக்கும் நிறுவனங்களிடமும் போவோம். அன்பளிப்புக் கேட்க வேண்டாம். முறி வாங்கச் சொல்லுவோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் பிள்ளைகளிடமும் அதையே சொல்லுவோம். "ஊருக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்கும் அவர்களுக்கு, வட்டியோடு திரும்பிவரும் உதவி ஒன்று இருக்கிறது என்று காட்டுவோம்.

வரும் வருடத்துக்கான வரவு செலவுத் திட்டம் மன்றங்களில் சமர்ப்பிக்கப்படும் முன்பு இதைப் பேச வேண்டும். உங்கள் அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாகச் சேருங்கள். உங்கள் பகுதியில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களைக் கணக்கெடுங்கள். ஒவ்வொன்றின் திறப்பும் யாரிடம் என்று எழுதுங்கள். புதிதாகக் கட்டும் முன், திறக்கக் கூடியதைத் திறப்போம். பிறகு எங்கே இடம், எவ்வளவு காசு, எத்தனை வீடு என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, உங்கள் வட்டார உறுப்பினரின் கையில் கொடுங்கள். கோயில் வாசலிலும் ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகும் ஞாயிறு பூசைக்குப் பிறகும் இதைக் கதையுங்கள்.

அன்று விறாந்தைப் படியில் காத்திருந்த பிள்ளைகள் இன்று தாய்மார். அவர்களில் ஒருத்தியைச் சந்தையில் கண்டேன். மகளுக்கு ஒன்பது வயது, நல்லாய் ஓடுவாள் என்றாள். "ரீச்சர், எங்க கொண்டுபோய்ப் பழக்கலாம்?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லப் பதில் இருக்கவில்லை. இந்தக் கடிதம்தான் அவளுக்கு நான் எழுதும் பதில்.

முதல் முறி விற்பனைக்கு வரும் நாளில் என் ஓய்வூதியத்திலிருந்து 5,000 ரூபாவோடு வரிசையில் நிற்பேன். கல்லில் என் பெயர் வேண்டாம். காலையில் போய்க் கதவைத் திறந்து, பிள்ளைகள் வரும் முன் ஆடுகளத்தைக் கூட்டிவைக்க, திறப்பின் பிரதி ஒன்று மட்டும் தாருங்கள்.

உங்கள் ஊரவள்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.